மிக்கி மவுஸ் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்: ஒரே பேர், இரண்டு கதவு

மூணாவது வருஷம் முடியும்போது நம்ம காலேஜ்ல எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஒரே வரிதான் ஓடும்: "இன்டர்ன்ஷிப் கிடைச்சிடுச்சு!" எங்கே, என்ன வேலை, காசு உண்டா என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் பேச்சை மாத்திடுவாங்க. நானும் மாத்தினவன்தான். இரண்டாம் வருஷ லீவில் ஓர் இடத்துக்குக் காசு கட்டி, 15 நாள் 'இன்டர்ன்ஷிப்' போனேன். முதல் நாள் ஒருத்தர் பிபிடி போட்டார். இரண்டாம் நாள் அவர் வரலை. மூணாம் நாளிலிருந்து நான் போகலை. சர்டிஃபிகேட் மட்டும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாம வந்து சேர்ந்தது.

அதிலிருந்து, எந்த கம்பெனி இன்டர்ன்ஷிப் பற்றிப் படிச்சாலும் என் மனசில் ஒரே கேள்விதான் வரும்: இதில் யாருக்கு லாபம்? அந்தக் கேள்வியை வச்சுப் பார்க்க டிஸ்னி ஒரு நல்ல கேஸ். காரணம், அங்கே 'இன்டர்ன்' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேற வேற வாழ்க்கை இருக்கு.

முதல் கதவு: பார்க்குக்குள்ளே

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971 அக்டோபரில் திறந்தாங்க. மொத்தப் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். ஒரு சின்ன ஊரையே நடத்துற மாதிரி வேலை. அதற்கு ஆள் வேணும், அதுவும் சீசனுக்குச் சீசன் மாறிக்கிட்டே இருக்கிற அளவில்.

1981-ல் அங்கே 'டிஸ்னி காலேஜ் புரோகிராம்' ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே எப்காட் என்ற இரண்டாவது பார்க் திறந்தது. அப்போதிலிருந்து ஆயிரக்கணக்கான ஸ்டூடன்ட்ஸ் இந்த வழியா வந்து போயிருக்காங்க. நீங்க எந்த மேஜர் என்பது இங்கே முக்கியமில்லை. சில மாசம் படிப்பை ஒதுக்கி வச்சுட்டு வந்து தங்கி, பார்க்கில் வேலை செய்யணும். ரைடில் ஆள் ஏத்துறது, சாப்பாட்டுக் கவுன்டர், பொம்மைக் கடை, நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு, தெரு பெருக்குறது இப்படி. எந்த வேலை பிடிக்கும் என்று நீங்க சொல்லலாம். முடிவு பண்றது கம்பெனி.

அங்கே வேலை செய்றவங்களை 'எம்ப்ளாயீ' என்று கூப்பிட மாட்டாங்க, 'காஸ்ட் மெம்பர்' என்பாங்க. யூனிஃபார்முக்குப் பேர் 'காஸ்ட்யூம்'. வர்றவர் 'கஸ்டமர்' இல்லை, 'கெஸ்ட்'. மக்கள் பார்க்கிற இடம் எல்லாம் 'ஆன் ஸ்டேஜ்', மீதி 'பேக் ஸ்டேஜ்'. முதல் வகுப்பின் பேர் 'டிரெடிஷன்ஸ்'. குப்பை பொறுக்கினாலும் நீங்க ஒரு நாடகத்தில் நடிக்கிறீங்க என்பதுதான் அங்கே சொல்லித் தர்ற முதல் பாடம்.

சம்பளம் உண்டு, மணிக்கணக்கில். கம்பெனி ஏற்பாடு பண்ற அபார்ட்மென்ட்டில் மத்த இன்டர்ன்களோட ஷேர் பண்ணித் தங்கினா, வாடகையைச் சம்பளத்திலேயே பிடிச்சிடுவாங்க. லீவு நாளில் பார்க்குக்குள் இலவசமா சுத்தலாம். சில காலேஜ்கள் இதற்கு கிரெடிட் தரும்.

இதில் கத்துக்க ஒண்ணுமே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். வெயிலில் எட்டு மணி நேரம் நின்னு, அழுற குழந்தையையும் கத்துற அப்பாவையும் சமாளிச்சவங்களுக்கு எந்த இன்டர்வியூ பேனலும் பெரிய விஷயமா இருக்காது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ராஸ் பெர்லின் 2011-ல் 'இன்டர்ன் நேஷன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் டிஸ்னியின் இந்த புரோகிராமை எடுத்து விரிவா விமர்சனம் பண்ணியிருக்கார். சுருக்கமா அவர் வாதம் இதுதான்: இது படிப்பு மாதிரி பேக் பண்ணப்பட்ட சாதாரணக் கூலி வேலை, நிரந்தர ஆள் வச்சா ஆகிற செலவு கம்பெனிக்கு மிச்சம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பார்க் மூடினப்போ, ஸ்டூடன்ட்ஸை சில நாளிலேயே ரூமைக் காலி பண்ணச் சொல்லி புரோகிராமையே நிறுத்தினாங்க. திரும்ப ஆரம்பிச்சது 2021 ஜூனில்.

இரண்டாவது கதவு: பார்க்குக்குப் பின்னாலே

டிஸ்னிக்குள் இன்னொரு உலகம் இருக்கு. பேர் இமேஜினியரிங். 1952-ல் வால்ட் டிஸ்னி ஆரம்பிச்ச டிசைன் கம்பெனிதான் இன்றைய வால்ட் டிஸ்னி இமேஜினியரிங். தலைமையிடம் கலிஃபோர்னியாவில், கிளெண்டேலில். ரைடுகள், பேசுற ரோபோ பொம்மைகள், கட்டடங்கள் எல்லாம் இவங்க பொறுப்பு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில், சாஃப்ட்வேர் என்று நம்ம டிபார்ட்மென்ட் எல்லாத்துக்கும் இடம் உண்டு.

இங்கே வர்றதுக்குப் 'புரொஃபஷனல் இன்டர்ன்ஷிப்' என்று தனி வழி. மேஜர் பார்ப்பாங்க, செஞ்ச புராஜெக்ட் பார்ப்பாங்க, வேலை என்ன என்பது விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கும். இன்னொரு வழி, 1991-லிருந்து நடக்கிற 'இமேஜினேஷன்ஸ்' என்ற டிசைன் போட்டி. வேற வேற துறை ஸ்டூடன்ட்ஸ் ஒரு டீமா சேர்ந்து ஒரு ஐடியாவை டிசைன் பண்ணி அனுப்பணும். ஃபைனலுக்கு வர்றவங்க இமேஜினியர்கள் முன்னாடி பிரசன்ட் பண்ணலாம். இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூவும் கிடைக்கும்.

அவங்க வேலைக்கு ஒரு உதாரணம். ஃபுளோரிடாவில் மேஜிக் கிங்டம் பார்க்கில் நீங்க நடக்கிற தெரு உண்மையில் தரைத்தளம் இல்லை, முதல் மாடி. அதற்குக் கீழே ஊழியர்கள் போய்வர ஒரு பெரிய நடைபாதை வலை இருக்கு. ஃபுளோரிடாவில் நிலத்தடி நீர் மட்டம் மேலேயே இருப்பதால் தோண்ட முடியலை. அதனால நடைபாதையைத் தரையில் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டின மண்ணைச் சுத்திக் கொட்டி, அதுக்கு மேலே பார்க்கைக் கட்டினாங்க. குப்பையைக் காற்றால் உறிஞ்சி இழுத்துட்டுப் போற குழாய்களும் கீழேதான் ஓடுது. மேலே துடைப்பத்தோட ஒரு இன்டர்ன், கீழே அந்தக் குழாய்.

பத்து விநாடிக் கணக்கு

ஒரு ரைடில் 40 விநாடிக்கு ஒரு வண்டி கிளம்புது, ஒவ்வொண்ணிலும் 20 பேர் என்று வச்சுக்குவோம். ஒரு மணி நேரத்தில் 90 வண்டி, 1,800 பேர். ஆள் ஏத்துறதில் 10 விநாடி தாமதமானா? 72 வண்டி, 1,440 பேர். 360 பேர் இன்னும் கியூவில் நிக்கிறாங்க. இந்த 10 விநாடிக்காகத்தான் 'ஹான்டட் மேன்ஷன்' மாதிரி ரைடுகளில் வண்டிகளை ஒரே சங்கிலியா நிக்காம ஓட விட்டு, பக்கத்திலேயே அதே வேகத்தில் நகரும் பெல்ட்டில் ஆளை நடக்க வச்சு ஏத்துறாங்க.

இந்தக் கணக்கைப் போடுறது இரண்டாவது கதவு இன்டர்ன். ஒரு பாட்டியின் கையைப் பிடிச்சு ஏத்தி, லேப் பார் சரியா விழுந்ததா என்று பார்த்து, அந்த 10 விநாடியை நிஜத்தில் காப்பாத்துறது முதல் கதவு இன்டர்ன். ரெண்டும் வேலைதான். ஆனா இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தர் ரெஸ்யூமேயில் இரண்டும் ஒரே மாதிரி பேசாது. 'டிஸ்னியில் இன்டர்ன்' என்று மட்டும் பார்த்து லைக் போடும்போது நாம மறக்கிறது இதைத்தான்.

கோர்ட்டுக்குப் போன இன்டர்ன்கள்

'பிளாக் ஸ்வான்' (2010) படம் பார்த்திருப்பீங்க. அதில் சம்பளமில்லாம வேலை செஞ்ச இரண்டு இன்டர்ன்கள், 2011-ல் ஃபாக்ஸ் சர்ச்லைட் கம்பெனி மேல் நியூயார்க்கில் கேஸ் போட்டாங்க. ஜெராக்ஸ் எடுக்கிறது, லஞ்ச் ஆர்டர் வாங்குறது மாதிரி வேலைகள். இது படிப்பு இல்லை, கூலி கொடுங்க என்று கேட்டாங்க. 2013-ல் நீதிபதி அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னார். 2015-ல் அப்பீல் கோர்ட் அதை ரத்து பண்ணி, 'முதன்மையா யாருக்குப் பலன்' என்று பார்க்கணும் என்றது. 2016-ல் கேஸ் சமரசத்தில் முடிஞ்சது. 2018-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அதே அளவுகோலை எடுத்துக்கிச்சு. இன்னொரு விஷயம்: 2019-ல் ஃபாக்ஸின் சினிமா பிசினஸை வாங்கினது டிஸ்னிதான்.

காலேஜ் புரோகிராமில் சம்பளம் உண்டு என்பதால் இந்தச் சட்டக் கேள்வி அதற்கு நேரா பொருந்தாது. ஆனா அந்த கோர்ட் சொன்ன ஏழு அம்சங்களை நம்ம பாஷையில் எழுதினா, எந்த ஆஃபர் லெட்டருக்கும் உதவும்:

1. காசு உண்டா இல்லையா என்று இரண்டு பக்கமும் தெளிவா பேசியாச்சா?
2. வகுப்பில் கிடைக்கிற மாதிரி பயிற்சி கிடைக்குமா?
3. படிப்போட, கிரெடிட்டோட தொடர்பு இருக்கா?
4. செமஸ்டர், எக்ஸாமுக்கு இடம் விடுவாங்களா?
5. கத்துக்க ஏதாவது இருக்கிற வரைக்கும்தான் காலமா, இல்லை இழுத்துக்கிட்டே போகுமா?
6. என் வேலை சம்பள ஆளின் வேலைக்குத் துணையா, இல்லை அந்த ஆளுக்குப் பதிலா?
7. முடிஞ்சதும் வேலை நிச்சயம் இல்லை என்பதை இரண்டு பேரும் புரிஞ்சுக்கிட்டோமா?

நமக்கு?

டிஸ்னியின் இந்த அமெரிக்க இன்டர்ன்ஷிப்களுக்கு அங்கே வேலை செய்ய உரிய அனுமதி வேணும். அதனால எம்.எஸ். போறவங்களுக்குத்தான் இது நிஜமான வாய்ப்பு. போகாதவங்களும் 'பிக்ஸார் இன் எ பாக்ஸ்' பார்க்கலாம். பிக்ஸாரும் கான் அகாடமியும் சேர்ந்து 2015-லிருந்து இலவசமா தர்ற கோர்ஸ். நாம எம்-1 பேப்பரில் சபிச்ச கணக்கெல்லாம் அனிமேஷனில் எங்கே வருது என்று அழகா காட்டுவாங்க. என் 15 நாள் சர்டிஃபிகேட்டில் கிடைக்காதது, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே கிடைச்சது.

கடைசியா ஒரு உண்மை. இதை எழுதும்போது என் மெயிலில் ஒரு ஆஃபர் கிடக்கு. ஆறு மாசம், சென்னையில், ஸ்டைபெண்ட் ரூம் வாடகைக்கே பத்தாது. அம்மா "பெரிய கம்பெனிடா, சேர்ந்துடு" என்கிறாங்க. நான் இரண்டே கேள்வி கேட்டு மெயில் போட்டேன்: எந்த புராஜெக்ட், யார் மென்டர்? பதில் வந்தது: "டீமின் தேவையைப் பொறுத்து." வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும். இப்போ ஆறாவது கேள்வியை அனுப்பியிருக்கேன். அதுக்கு என்ன பதில் வருதோ, அதை வச்சுதான் முடிவு.

நீங்களும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. கேட்டதால ஆஃபர் போயிடுமோ என்று எனக்கும் பயமாத்தான் இருந்தது. இதுவரைக்கும் போகலை.