ராட்டினத்துக்குப் பயப்படும் பிள்ளையும் பெற்றோரின் பொறுப்பும்

பெருநாள் தொழுகை, உறவினர் வீடு, விருந்து எல்லாம் முடிந்த மறுநாள், பிள்ளைகளை எங்காவது வெளியே அழைத்துப் போவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சென்னையில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.க்கோ முட்டுக்காடு எம்.ஜி.எம்.முக்கோ போகிறார்கள். மதுரைக்காரர்களுக்கு அதிசயம், கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். மற்ற ஊர்களில் பள்ளி மைதானத்தில் போடும் பொருட்காட்சி. வரம்பு மீறாத பொழுதுபோக்கை மார்க்கம் தடுக்கவில்லை. பிள்ளைகள் மகிழ்ந்தால் பெற்றோருக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் அங்கே போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தாயின் புர்காவைப் பிடித்துக்கொண்டு கதறும். தந்தை அதைப் பிய்த்து எடுத்து ராட்டினத்தில் உட்கார வைப்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் மொபைலில் படம் பிடிப்பார்.

நானும் அந்தத் தந்தையாக இருந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெருநாள் விடுமுறையில், தங்கை குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். என் இளைய மகளுக்கு அப்போது இரண்டரை வயது. டிராகன் முகம் வைத்த சிறிய ரயில் ஒன்று மேடு பள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கை பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஏறினார்கள். என் மகள் ஏற மாட்டேன் என்றாள். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, பின்னால் வரிசை நிற்கிறது. "ஒண்ணும் ஆகாதும்மா, மெதுவாத்தான் போகும். அத்தா சொல்றேன்ல" என்று சொல்லித் தூக்கி வைத்தேன். அது மெதுவாகப் போகாது என்று எனக்குத் தெரியும். முதல் பள்ளத்திலேயே அலறினாள். இரண்டாவது சுற்றில் சத்தமே இல்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். இறங்கியபோது கை கால் விறைத்து, முகம் வெளுத்திருந்தது.

அதன் பிறகு பல வாரங்கள், மிக்ஸி ஓடினால் ஓடி ஒளிந்தாள். வீட்டு ஊஞ்சலில்கூட உட்காரவில்லை. என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. மருந்து கொடுக்கும்போது "கசக்காதும்மா, அத்தா சொல்றேன்ல" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உம்மாவிடம் போய், "கசக்குமா?" என்று கேட்டாள்.

பிள்ளையிடம் சொல்லும் பொய்

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். தாய் மகனை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்ற பொருளில் அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். நீ எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸைப் பலமுறை பயான்களில் சொல்லியிருக்கிறேன். ராட்டினத்தின் முன் நின்றபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அபூதாவூதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிலர் அவரிடமிருந்த கயிற்றை எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமை இன்னொரு முஸ்லிம் பயமுறுத்துவது ஆகுமானதல்ல என்று அப்போது நபியவர்கள் சொன்னார்கள். வளர்ந்த ஆண் மகனை விளையாட்டுக்குப் பயமுறுத்துவதே கூடாது என்றால், பேசத் தெரியாத பிள்ளையைப் பயமுறுத்திவிட்டுச் சிரிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஏன் பயப்படுகிறார்கள்?

இது கோழைத்தனம் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை. இந்த ராட்டினம் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும் என்று நமக்குத் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. தொடங்கிய ஒன்று முடியும் என்பதே அதற்கு நிச்சயமில்லை. இயந்திரச் சத்தம், ஒலிபெருக்கி, பட்டையால் கட்டி வைப்பது, உம்மா கண்ணிலிருந்து மறைவது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. சில பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும், சில பிள்ளைகளால் முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரிடமே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறோம்.

ராட்டினம்தான் என்று இல்லை. வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பெரிய பிள்ளைகள் சிரிக்க வைக்க முயல்வார்கள். சின்னஞ்சிறு பிள்ளைக்கோ, கண் இருந்தும் சிரிக்காத அந்த மனிதர் பயமாக இருக்கலாம். கரடி, குரங்கு வேடம் போட்டு வந்து கைகொடுப்பவர்களும் அப்படித்தான். பக்கத்தில் தள்ளாமல், தூரத்தில் நின்று பார்க்க விடுங்கள்.

எதில் ஏற்றலாம்?

பெரும்பாலான பூங்காக்களில் ராட்டினத்தின் வாசலில் உயர அளவுகோல் வைத்திருப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளை பொதுவாக 85 முதல் 87 செ.மீ. உயரம் இருக்கும், மூன்று வயதில் 95 செ.மீ. அளவுக்கு வரும். அந்த அளவுக்குக் குறைந்த பிள்ளையை "கொஞ்சம்தானே குறையுது" என்று ஊழியரிடம் கெஞ்சி ஏற்றாதீர்கள். பட்டையும் கம்பியும் அந்த உயரத்துக்காகச் செய்யப்பட்டவை, சிறிய உடல் நழுவிவிடும். உயரம் சரியாக இருந்தாலும், உடல் பட்டைக்குள் நிற்கும் என்பதைத்தான் அளவுகோல் சொல்லும். பிள்ளையின் மனம் தாங்குமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்: நான் பக்கத்தில் உட்காரலாமா? தரையை ஒட்டி ஓடுகிறதா? என் முகம் பிள்ளைக்குத் தெரியுமா? பிள்ளை அழுதால் இடையில் நிறுத்துவார்களா? கடைசிக் கேள்வியை ஏறுவதற்கு முன்பே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

*பொம்மை ரயில்:* பயந்த பிள்ளைக்கு முதலில் இதுதான் நல்லது. தரையிலேயே ஓடும், திடீரென இறங்காது, பெற்றோர் கூட உட்காரலாம். குகை போன்ற இருட்டு இடத்துக்குள் போகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

*குதிரை ராட்டினம்:* குதிரை மேலும் கீழும் போகும். பெஞ்சு போன்ற இருக்கையோ ஏறி இறங்காத குதிரையோ இருந்தால் முதலில் அதில் உட்காருங்கள். எல்லா வரிசையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கும். வெளி வரிசை அதே நேரத்தில் அதிக தூரம் போவதால் வேகம் கூடுதலாக இருக்கும். எனவே உள் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். குதிரையில்தான் உட்கார வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

*வட்டமாகச் சுற்றும் சிறிய கார், விமானம்:* இவற்றில் பெரும்பாலும் பிள்ளை தனியாகத்தான் உட்கார வேண்டும். பயந்த பிள்ளைக்கு இது இரண்டாம் கட்டம். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் ஒரே இடத்தில் நின்று கை அசைத்தால், அடுத்த சுற்றில் உங்களைத் தேடிப் பார்க்கும்.

*தேநீர்க் கோப்பை:* பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காதுக்குள் உள்ள திரவம் ராட்டினம் நின்ற பிறகும் சற்று நேரம் சுழன்றுகொண்டிருக்கும், தலைசுற்றல் அதனால்தான் வருகிறது. சின்னப் பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாது. கொட்டாவி விடும், வெளுத்துப் போகும், பேச்சை நிறுத்திவிடும். தவிர்ப்பது நல்லது.

*ஜெயன்ட் வீல்:* மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று பலர் ஏற்றுகிறார்கள். கீழே ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தும்போது நீங்கள் உச்சியில் நிற்பீர்கள். மடியில் துள்ளும் பிள்ளையை அங்கே சமாளிப்பது கடினம், இறங்கவும் முடியாது. வேண்டாம்.

*மோதும் கார், கொலம்பஸ் கப்பல், பேய் வீடு, 5டி அரங்கு:* இந்த வயதுக்கு இவை எதுவும் பொருந்தாது. அண்ணன் போகிறான் என்பதற்காகத் தம்பியைச் சேர்த்து அனுப்பாதீர்கள்.

*சறுக்கு மரம்:* பலருக்கும் தெரியாத ஆபத்து இதில் உண்டு. பயந்த பிள்ளையைப் பாதுகாப்பு என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டு சறுக்குகிறோம். பிள்ளை தனியாகச் சறுக்கும்போது கால் ஓரத்தில் சிக்கினால், எடை குறைவு என்பதால் பெரும்பாலும் நின்றுவிடும். மடியில் இருந்தால் நம் முழு எடையும் பின்னாலிருந்து தள்ளும். சிக்கிய கால் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறியும். இப்படிக் கால் முறிந்த சின்னப் பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். உயரம் குறைந்த சறுக்கில் பிள்ளை தனியாக இறங்கட்டும், நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள்.

*தண்ணீர் விளையாட்டு:* கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும். மேலே பெரிய வாளி தொங்குகிறதா என்று பாருங்கள். அது நிரம்பித் தலையில் கொட்டினால் அன்றைய நாள் முடிந்தது. ஆழம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கை எட்டும் தூரத்தை விட்டு நகராதீர்கள்.

எப்படி ஏற்றுவது?

முதலில் ஓரமாக நின்று இரண்டு மூன்று சுற்று முழுவதும் பார்க்க விடுங்கள். ஏறியவர்கள் இறங்கி வருவதைக் காட்டுங்கள். முடியும் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துத்தான் நம்பும். பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: "சுத்தும், கொஞ்சம் சத்தம் வரும், அத்தா பக்கத்திலேயே இருப்பேன், பெல் அடிச்சா நின்னுடும்." வேகமாகப் போவதை மெதுவாகப் போகும் என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். "பாரு, அவள் எவ்வளவு தைரியமா ஏறுறா" என்று மாமா மகளோடு ஒப்பிடவும் வேண்டாம்.

ஏறிய பிள்ளை அமைதியாக இருந்தால் பயம் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கம்பியை இறுகப் பிடித்து, கண் இமைக்காமல், பேச்சில்லாமல் இருந்தால் அதுவும் பயம்தான். என் மகளின் இரண்டாவது சுற்று அதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பின்னால் தொழும் தாயின் பிள்ளை அழும் குரல் கேட்டால், அந்தத் தாய்க்குச் சிரமமாகிவிடக் கூடாது என்று நபியவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று புகாரியில் வருகிறது. அழுகைக்காகத் தொழுகையே சுருக்கப்பட்டது. நாம் ஒரு ராட்டின வரிசையை விட்டு வெளியே வர யோசிக்கிறோம்.

அதேபோல், பிள்ளை ஒரே பொம்மை ரயிலில் ஐந்து முறை போக வேண்டும் என்றால் போகட்டும். ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகச் சலிப்படையும் வரை நபியவர்கள் அவர்களுக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். போதும் என்று சொல்லும் உரிமையைப் பார்ப்பவரிடமே விட்டார்கள். நுழைவுச்சீட்டில் எத்தனை விளையாட்டு அடங்கும் என்று கணக்குப் பார்த்து ஓட வேண்டியதில்லை.

கிளம்பும் முன்

காலையில் திறந்ததும் போய்விடுங்கள். கூட்டம், வெயில், சத்தம் எல்லாம் அப்போது குறைவு. லுஹர் தொழுகை நேரத்தை ஒட்டிப் பிள்ளைக்கு உணவும் தூக்கமும் கொடுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எல்லாமே பயம். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும் மழை நடன இடத்தை மார்க்கத்துக்காகவும் பிள்ளையின் காதுக்காகவும் தவிர்க்கலாம்.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். துப்பட்டா, ஷால், புர்காவின் கீழ் முனை ஆகியவை சக்கரத்திலோ சுழலும் பாகத்திலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கழுத்தைச் சுற்றிய துணி வெளியே தொங்காமல் உள்ளே செருகி, கீழ் முனையைச் சுருட்டிக் காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளின் நீண்ட துப்பட்டாவுக்கும் இது பொருந்தும். பக்கம் திறந்த சிறிய கார்களில் புர்காவோடு ஏறவே வேண்டாம்.

பொருட்காட்சி ராட்டினங்கள் சில வாரங்களுக்காகப் பூட்டி, பிறகு கழற்றப்படுபவை. பூட்டுக் கம்பியும் பட்டையும் எல்லா இருக்கையிலும் சரியாக இருக்கிறதா, ஊழியர் ஒவ்வொருவரையும் சரிபார்த்த பிறகுதான் ஓட்டுகிறாரா என்று ஒரு சுற்று நின்று பாருங்கள். இல்லை என்றால் பஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

அடுத்த வருடப் பெருநாளிலும் நாங்கள் போனோம். என் மகள் குதிரை ராட்டினத்தின் முன் நெடுநேரம் நின்றாள். "வேகமாப் போகுமா?" என்று கேட்டாள். "வெளியில இருக்கிற குதிரை கொஞ்சம் வேகமாப் போகும்மா, உள்ள பெஞ்சு இருக்கு, அது மெதுவாப் போகும்" என்றேன். திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மாவும் ஆமாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று அது ஒன்றில்தான் ஏறினாள். நான்கு முறை.

நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் பயத்தைக் கண்ணியத்தோடு கையாளவும், அவர்களிடம் உண்மையே பேசவும் அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.