கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள்

சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனாலோ படுகாயம் அடைந்தாலோ, மோதிய வண்டிக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்தின் தரப்பிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பேச்சு வரும். “கேஸ் நடத்தினா வருஷக்கணக்கா இழுக்கும். இந்தத் தொகையை வாங்கிக்கிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்” என்பார்கள். ஆஸ்பத்திரி செலவுக்கு நகையை அடகு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். சட்டப்படி வரவேண்டியதில் அது பாதிகூட இல்லாமல் இருக்கலாம்.

சமரசம் தவறில்லை. மோட்டார் வாகனச் சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. நமக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாமல் சமரசத்துக்குப் போவதுதான் ஆபத்து.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

நீதிபதியின் மனம்போல முடிவாகும் தொகை இல்லை இது. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கணக்கு முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. உதாரணத்துக்கு, சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்து மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 34 வயதுக்காரர் விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

வருங்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்: 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கு எண் 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச்செலவு, கணவரை, தந்தையை, மகனை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல்.

இதே கணக்கில் அவருடைய வருமானம் 8,000 ரூபாய் என்று எழுதி, அந்த 40 சதவீதத்தையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? 11,52,000 ரூபாய் வரும். “பதினோரு லட்சத்துக்கு மேல தர்றோம்” என்று கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். குடும்பம் இழப்பதோ 18 லட்சத்துக்கும் மேல்.

எங்கெங்கே குறைப்பார்கள்?

முதலாவது, வருமானம். சம்பளச் சீட்டு இல்லாத கொத்தனார், பூ வியாபாரி, ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் வருமானத்தை மிகக் குறைவாகவே எழுதுவார்கள். வங்கிக் கணக்கு, சரக்கு வாங்கிய பில், கடன் தவணை கட்டிய ரசீது, கூட வேலை செய்தவரின் சாட்சி என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வீட்டு வேலையைப் பார்த்துவந்த பெண் இறந்தால் “அவருக்கு வருமானமே இல்லையே” என்பார்கள். அதுவும் செல்லாது. இல்லத்தரசியின் உழைப்புக்கு ஒரு வருமானத்தை நிர்ணயித்து, வருங்கால உயர்வையும் அதில் சேர்க்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, ஊனம். மருத்துவர் தரும் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே முழுக்க இழக்கலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் தொடரலாம். ஆகவே, சான்றிதழில் இருக்கும் எண்ணை மட்டும் காட்டி ஒரு தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிகிச்சை முடிந்து, உடல் இனி எந்த நிலையில் இருக்கும் என்று மருத்துவர் சொல்லும் வரை பேரம் பேசவே வேண்டாம். கம்பி எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அந்தச் செலவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது, பழியில் பங்கு. “பைக்கில் மூணு பேர் போனீங்களே, பாதித் தப்பு உங்க மேலதான்” என்பார்கள். மூன்று பேர் போனது போக்குவரத்து விதிப்படி தவறுதான். ஆனால் விபத்துக்கோ காயத்துக்கோ அது எப்படிக் காரணமானது என்று காட்டாமல், அதை மட்டும் வைத்து இழப்பீட்டைக் குறைக்க முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதையும் தீர்த்துவைத்துவிட்டது.

ஐந்து லட்சம் என்ற பொறி

விபத்துக்கு யார் காரணம் என்று நிரூபிக்காமலேயே இறப்புக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்பின் தவறைக் காட்டச் சான்றே இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டு 166-ஆம் பிரிவின்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே சொன்ன வெல்டரின் குடும்பம் இதை “முன்பணம்” என்று நினைத்து வாங்கினால், 30 லட்சத்துக்கான வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

சமரசத்துக்குச் சரியான இடம் எது?

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்துக்குள் விபத்தின் முதல் அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அதன்பின் காப்பீட்டு நிறுவனம் 30 நாளுக்குள் தன் தொகையைத் தீர்ப்பாயத்தின் முன் சொல்ல வேண்டும். நீங்கள் ஏற்றால் தீர்ப்பாயம் பதிவு செய்யும். அதிலிருந்து 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ டீக்கடையிலோ நீட்டப்படும் காகிதத்துக்கு இதில் இடமே இல்லை. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலும் இதே கவனம் வேண்டும். அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு. இவ்வளவு என்று தானாகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் லோக் அதாலத்துக்கு இல்லை என்று ஜலூர் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது. “இன்னைக்கு விட்டா போச்சு” என்று உங்கள் வக்கீலே அவசரப்படுத்தினாலும், கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். திருப்தி இல்லையென்றால் மறுக்கலாம். வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும்.

காலத்தையும் மறக்கக் கூடாது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பேசிக்கொண்டே அந்தக் காலத்தைக் கடத்துவதும் நடக்கும். எனவே மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். மனு போட்ட நாளிலிருந்து வட்டி தர உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருப்பதால், தாமதத்தின் சுமை முழுக்க உங்கள் தலையில் விழாது. விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

யாரைக் கேட்பது?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

துக்கத்தில் இருக்கும் மனைவியிடமோ வலியில் துடிப்பவரிடமோ இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. உறவினர்களில் நிதானமான ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், வருமானச் சான்றுகள் எல்லாவற்றையும் அவர் ஒரே கோப்பில் சேர்க்கட்டும். நிறுவனத்திலிருந்து யார் வந்தாலும் “எந்த வருமானத்தை வைத்து, எந்தப் பெருக்கு எண்ணால் இந்தத் தொகை வந்தது? எழுதிக் கொடுங்கள்” என்று அவர் கேட்கட்டும். நியாயமான தொகையென்றால் எழுதித் தருவதில் எந்த நிறுவனத்துக்கும் தயக்கம் இருக்கக் காரணமில்லை.