ஆமைக்குத் துணை தேவையா?

“ஆமை புகுந்த வீடு உருப்படாது” என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். இன்று நாமே காசு கொடுத்து ஆமையை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். இரவுச் சந்தையிலும் வண்ணமீன் கடைகளிலும் 50 காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சைக் குஞ்சுகளைப் பார்த்ததும் ஆசை வந்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டாகத்தான் வாங்குகிறோம். “ஒன்று மட்டும் இருந்தால் பாவம், அதற்குத் துணை வேண்டாமா?” என்கிறோம்.

அந்தப் பரிவு நல்லதுதான். ஆனால், ஆமைக்கு அது நன்மை செய்வதில்லை.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள இந்த இனத்தின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. தாய் ஆமை மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு பிறந்த நாள் முதல் தன்னந்தனியாகவே வாழ்கிறது. ஆற்றில் ஒரே மரக்கட்டையின் மேல் பல ஆமைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை வெயிலைத் தேடி வந்தவை, ஒன்றையொன்று தேடி வந்தவை அல்ல.

கட்டிப்பிடிப்பா, சண்டையா?

சி ரூசாவில் எங்கள் வீட்டில், படிவம் இரண்டில் படிக்கும் என் தம்பி இரண்டு ஆமைகள் வளர்க்கிறான். சென்ற பருவ விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்தபோது, “அக்கா, இங்க பாரேன், பெருசு சின்னதைக் கட்டிப்பிடிச்சிருக்கு” என்று கூப்பிட்டுக் காட்டினான். தொட்டியில் ஏறி உட்கார ஒரே ஒரு கல்தான் இருந்தது. பெரியது சின்னதின் முதுகில் ஏறி, அதைத் தண்ணீருக்குள் அழுத்திவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டது. உணவு போட்டாலும் முதல் வாய் பெரியதற்கே. சில நாள்களில் சின்னதின் வால் நுனியில் காயம் தெரிந்தது. சிரம்பானில் நாங்கள் பார்த்த கால்நடை மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: “முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள்.”

ஆமைக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி உருவாகி, ஓட்டுக்கும் எலும்புக்கும் சுண்ணாம்புச் சத்து சேரும். கல்லில் ஏற விடாமல் தடுக்கப்படும் ஆமையின் ஓடு நாளடைவில் மென்மையாகிவிடும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், தொட்டியை ஜன்னலோரம் வைப்பது மட்டும் போதாது.

ஆணும் பெண்ணும் சேர்ந்தால் தொல்லை வேறு விதம். ஆண் தன் நீண்ட முன்னங்கால் நகங்களைப் பெண்ணின் முகத்துக்கு நேரே படபடவென ஆட்டும், விரட்டும், கடிக்கும். ஆற்றில் பெண் ஆமை நீந்தித் தப்பிக்கும். தொட்டியில் எங்கே போகும்? குஞ்சாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. ஐந்து உறுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையை வள்ளுவர் அடக்கத்துக்கு உவமையாக்கினார். ஆனால், தொட்டியில் ஓர் ஆமை எந்நேரமும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தால் அது அடக்கம் அல்ல, அச்சம்.

ஒரு கணக்கு போடுவோம்

ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் ஏறக்குறைய 40 லிட்டர் நீர் என்பது ஆமை வளர்ப்போர் பின்பற்றும் பொதுவான அளவு. ஓடு 8 அங்குலம் வளர்ந்த ஓர் ஆமைக்கு 320 லிட்டர் வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி முழுக்க நிரப்பினாலும் சுமார் 56 லிட்டர்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த சிறு பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஆமைகள் 20, 30 ஆண்டுகள் வாழக்கூடியவை. இன்று படிவம் ஒன்று மாணவர் வாங்கும் குஞ்சு, அவர் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும்போதும் கூடவே இருக்கலாம்.

சுத்தமும் முக்கியம். ஆமைகளின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சிறுவர்கள் பலர் நோயுற்றதால், 4 அங்குலத்துக்கும் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. ஆமையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள்.

ஆற்றில் விடலாமா?

ஆமைகள் சண்டை போடத் தொடங்கியதும், “ஆற்றில் விட்டுவிடு, புண்ணியம்” என்பார்கள். லிங்கி ஆறோ, தோட்டத்துக் குளமோ, கோயில் குளமோ எதுவானாலும் வேண்டாம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் நாட்டு ஆமைகளோடு உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியிடும், நோயையும் பரப்பலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997இலேயே நிறுத்தியது.

மழை பெய்ததும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் தென்படும் உள்ளூர் ஆமையைப் பிடித்து வந்து “துணைக்கு” விடுவதும் தவறு. நம் நாட்டு இனங்கள் பல 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் நண்பர்களே, இன்றே தனித்தனியாகப் பிரியுங்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின், நனையாமல் ஏறி உட்கார ஒரு செங்கல், காலையில் சிறிது நேரம் நேரடி வெயில், ஒதுங்க ஒரு நிழல், இவை போதும், தொடங்கிவிடலாம். என் தம்பியின் சின்ன ஆமை இப்போது தனி பேசினில் பயமில்லாமல் சாப்பிடுகிறது.

இனிமேல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டாவது ஆமைக்கு ஆசைப்படும் முன், வீட்டில் இரண்டாவது தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒன்றே போதும். அது தனியாக இருப்பதில் அதற்கு வருத்தம் இல்லை.