துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டவர்கள் எண்ணைப் பார்த்தார்களா?

புது தில்லி: கடற்காற்றும் இரு பருவமழைகளும் சேர்ந்த ஊரில் இரும்பைக் காப்பது எளிதன்று. திருவனந்தபுரம் பேரூர்க்கடையிலுள்ள சிறப்பு ஆயுதப் போலீஸ் முகாமின் கிடங்குக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால், அம்முகாம் நாடு முழுவதும் பேசப்பட்டதற்குக் காரணம் துரு அன்று. அங்கு 25 இன்சாஸ் துப்பாக்கிகளையும் 12,061 தோட்டாக்களையும் காணவில்லை என்று, 2020 பிப்ரவரி 12-ல் கேரள சட்டப்பேரவையில் தாக்கலான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை தெரிவித்தது. குறையை மறைக்க 250 போலித் தோட்டாக்கள் வைக்கப்பட்டிருந்ததாகவும் அது குறிப்பிட்டது.

எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. சில நாள்களிலேயே குற்றப்பிரிவு போலீஸார் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி எண்ணினர். மொத்தம் 660, அவற்றில் 647 நேரில் சரிபார்க்கப்பட்டன, மீதி 13 மணிப்பூரில் பணியிலிருந்த படைப்பிரிவினரிடம் உள்ளன, எதுவும் தொலையவில்லை என்று அறிவிக்கப்பட்டது. தோட்டா விவகாரம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. போலித் தோட்டாக்கள் தொடர்பாக உதவி ஆய்வாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

துப்பாக்கிகள் இருந்தன என்றே கொள்வோம். அப்படியானால், அவை எங்கே இருக்கின்றன என்பதைத் தணிக்கையாளர்களிடம் அன்றே சொல்ல முடியாமல் போனது ஏன்?

கிடங்கில் துப்பாக்கியைப் பராமரிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இக்கேள்வி உறுத்தும். சுட்ட துப்பாக்கியின் குழலில் தங்கும் கரிப்படிவு ஈரத்தை ஈர்க்கும். பழைய .303 தோட்டாக்கள் விட்டுச் சென்றது ஒரு வகை உப்பு. எண்ணெயில் அது கரையாது. அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் முதலில் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி செலுத்தித் துடைத்து, உலர்ந்த பிறகே எண்ணெய் இட்டனர். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அத்தொல்லை இல்லை. எனினும் நீண்ட நாள் வைப்பதானால் கெட்டியான காப்புப் பூச்சு வேண்டும். தோலுறையிலோ துணியுறையிலோ போட்டு வைக்கலாகாது. அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் கை பட்டால் வியர்வை உப்பே துருவுக்கு வித்தாகும். மீண்டும் சுடுவதற்கு முன் குழலிலுள்ள பூச்சை முற்றிலும் வழித்தெடுத்தாக வேண்டும். இல்லையேல் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

பூச்சு இட்டதோடு வேலை முடிவதில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, பிரித்து, துடைத்து, மறுபடி பூச வேண்டும். ஒவ்வொன்றின் உடலிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் உருவான இன்சாஸும் எண் இல்லாமல் வெளியே வந்ததில்லை. துடைப்பவர் அந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பராமரிப்பே கணக்கெடுப்பாகிவிடும். 25 துப்பாக்கிகள் எங்கே என்ற ஐயம், வெளியிலிருந்து தணிக்கையாளர் வரும்வரை காத்திருந்திருக்காது.

தோட்டாவின் கதை வேறு. துப்பாக்கியைக் காக்கும் அதே எண்ணெய் தோட்டாவுக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம். அதற்கு வேண்டியது உலர்ந்த, குளிர்ந்த இடம் மட்டுமே. அது தவறினால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். 2025 மார்ச்சில் கொச்சி ஆயுதப்படை முகாமில், இறுதிச் சடங்கு மரியாதைக்காக எடுத்த வெற்றுத் தோட்டாக்களில் களிம்பு கண்டு, வெயிலில் உலர்த்த நேரமில்லாததால் சமையலறை வாணலியில் போட்டுச் சூடாக்கினர். அவை வெடித்தன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள், அருகில் எரிவாயு உருளை இருந்திருக்கக்கூடிய இடம் அது என்பது பிறகுதான் உறைத்தது.

தில்லியில் இதைப் பற்றிக் கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் பழகியதுதான்: காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. உண்மை. ஆனால் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் 'ஆயுதங்கள், வெடிமருந்துகள்' மத்தியப் பட்டியலின் 5-வது இனம். மாநிலப் போலீஸார் ஆயுதம் வாங்கவும் போலீஸ் நவீனமயமாக்கல் திட்டத்தில் மத்திய அரசு நிதி தருகிறது. வாங்கிய துப்பாக்கி எந்த அறையில், எந்த ஈரத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று நிதி தந்தவரும் கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.