மட்டன் கோலா உருண்டை: கோதுமை ஆகாதவர்களும் சாப்பிடலாம்! பெருங்காயத்தில் மட்டும் உஷார்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மதுரை, காரைக்குடி பக்கம் பல வீடுகளில் கோலா உருண்டை வாசம்தான். 'கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா?' என்று கேட்கிறவர்களும் உண்டு. வீட்டில் பக்குவமாகச் செய்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அதன் விவரம் வருமாறு:-

கோதுமை, மைதா, ரவை, பார்லி ஆகியவற்றில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் ஜவ்வு மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். 'சீலியாக்' நோய் உள்ளவர்களுக்கு இது குடலைப் புண்ணாக்கும். வயிற்றுப்போக்கு வரும், பிள்ளைகள் வளர்த்தி இல்லாமல் போவார்கள். சத்து உடம்பில் ஒட்டாததால் ரத்தசோகையும் வரும்.

பொட்டுக்கடலைதான் விசேஷம்

வெளிநாட்டு இறைச்சி உருண்டையில் ரொட்டித்தூள் சேர்ப்பார்கள். நம்ம ஊர் கோலாவில் கறியைப் பிடித்து வைப்பது பொட்டுக்கடலை மாவு. அதில் குளூட்டன் கிடையாது. கறி, தேங்காய், சின்ன வெங்காயம், கசகசா, சோம்பு எதிலும் கிடையாது.

சத்து எவ்வளவு?

கால் கிலோ கொத்துக்கறியில் சுமார் 50 கிராம் புரதம் இருக்கும். 50 கிராம் பொட்டுக்கடலையில் 11 கிராம். இதில் 15 உருண்டை பிடித்தால் ஒன்றுக்கு 4 கிராம் வீதம் வரும். 5 உருண்டை சாப்பிட்டால் 20 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 50 கிராம்தான்.

கறியில் உள்ள இரும்புச்சத்து கீரையில் உள்ளதை விட சுலபமாக உடம்பில் சேரும். பி12 வைட்டமின், துத்தநாகமும் கிடைக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது நல்ல ஆகாரம்.

எங்கே ஏமாறுவோம்?

* கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்க. இல்லாவிட்டால் பெருங்காயமே வேண்டாம்.

* பொட்டுக்கடலையை மாவு மில்லில் கொடுக்காதீங்க. முன்னாடி அரைத்த கோதுமை அதில் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டு மிக்சியே போதும்.

* பூரி பொரித்த எண்ணெயில் கோலாவைப் போடக்கூடாது.

* ஓட்டலில் சாப்பிடுவதானால் மைதா, ரஸ்க் தூள் சேர்த்தார்களா என்று கேட்டுவிடுங்க.

எண்ணெய்தான் எதிரி

குளூட்டன் இல்லை என்பதற்காக எடை குறையும் என்று நினைக்க வேண்டாம். ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே 45 கலோரி இருக்கு. பணியாரச் சட்டியில் குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டால் எண்ணெய் மிச்சம், மொறுமொறுப்பும் கிடைக்கும். கொழுப்பு நீக்கிய கறியாகக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

கோதுமை சேரவில்லை என்று சந்தேகம் வந்தால் நீங்களாகவே நிறுத்திவிடாதீங்க. முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும். நோய் உறுதியானால் ஆயுசுக்கும் கோதுமை கூடாது. கோலாவுக்குத் தடை இல்லை.