அட்டை கறுத்தால் மட்டும் போதாது!



நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் மருந்தடிக்காமல் வழி உண்டா? உண்டு. டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி இது. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்காது, குளவிதான் பிறக்கும். திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற குழுப் பெண்கள் இதைத் தயாரித்து விற்றிருக்கிறார்கள். நம்மாலும் முடியும். ஆனால் தீனி, வெப்பம் இரண்டையும் கவனிக்கணும்.

தீனி: அட்டையில் ஒட்டுவது கார்சைரா அந்துப்பூச்சியின் முட்டை. அந்துப்பூச்சி வளர்வது கம்பில். கம்பு பழசாகவோ, மருந்து கலந்ததாகவோ இருந்தால் பூச்சி சிறுத்துப்போகும், முட்டையும் சிறுக்கும், அதிலிருந்து வரும் குளவிக்கும் தெம்பு இருக்காது. எனவே நல்ல கம்பை உடைத்து, சூடுபடுத்தி, ஆறவைத்துப் போடுங்கள். தட்டுக்கு இரண்டரை கிலோ கம்பு, 100 கிராம் நிலக்கடலைத் தூள், 5 கிராம் ஈஸ்ட். உண்ணி வராமல் இருக்க 5 கிராம் கந்தகத்தூள். அந்துப்பூச்சியின் செதில் மூச்சிலே போனா ஒத்துக்காது. மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வெப்பம்: 25 முதல் 28 டிகிரி இதற்கு ஏற்றது. முட்டை மூன்று, நான்கு நாளில் கறுக்கும். ஏழு, எட்டு நாளில் குளவி வெளிவரும். வெயில் கடுமையானால் பொரிப்பது குறையும், வந்த குளவியும் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் அட்டையைப் பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும்! அதுதான் ஏமாற்றும். குறுவைப் பயிருக்குக் கொண்டுபோகும்போது வெயில் படும்படி சைக்கிளில் மாட்டாதீர்கள். உடனே தேவையில்லை என்றால் 10 டிகிரி குளிரில் 20 நாள் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

வயலில்: ஏக்கருக்கு 2 சி.சி. அட்டை. சிறு துண்டுகளாக வெட்டி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். இலைச்சுருட்டுக்கு கைலோனிஸ் வகையை நட்ட 37, 44, 51-ம் நாட்களிலும், குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் வகையை 30, 37-ம் நாட்களிலும் விடணும். புழு வந்த பிறகு கட்டிப் பயனில்லை. அந்த நாட்களில் பூச்சிமருந்து தெளித்தால் குளவிதான் முதலில் சாகும்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வையுங்கள். குளவி நன்றாக வெளிவந்தால்தான் அட்டையைக் கொடுங்கள். ஒருமுறை பலிக்காவிட்டால் விவசாயி மறுபடியும் மருந்து டப்பாவைத்தான் தேடுவார். குழுவின் பெயரும் கெடும். வயலில் களையெடுக்கப்போவது நாம்தானே? அந்த நஞ்சும் நம்ம கைக்குத்தானே வரும்?