காற்றுப் போன சில்லும் விசையின் திருப்பமும்

மாணவர்களே, ஏ9 வீதியில் மாங்குளத்தைத் தாண்டிச் செல்லும் வானொன்றின் இடப்பக்கப் பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது எனக் கொள்வோம். சாரதி வானை ஓரமாக நிறுத்தி, ஆட்களை இறக்கி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, முன் சில்லுகளுக்குக் கல்லும் வைத்துவிட்டார். அடுத்து அவர் செய்யவேண்டியது யாது? ஜக்கை வைத்து வானை உயர்த்துதல் என்றே பலர் விடை கூறுவர். அது தவறு. சில்லு நிலத்தில் இருக்கும்போதே சுரைகளை இளக்கவேண்டும்.

ஒரு சுரையை இளக்க 100 நியூற்றன் மீற்றர் திருப்பம் தேவை எனக் கொள்வோம். (துருப்பிடித்த சுரைக்கு இன்னும் கூடும்.) விசையின் திருப்பம் என்பது விசையினதும், சுழற்சி அச்சிலிருந்து விசையின் தாக்கக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தினதும் பெருக்கமாகும். விடை எழுதும்போது "செங்குத்து" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஸ்பனரின் பிடி 25 சென்ரிமீற்றர் எனின்,

தேவையான விசை = 100 ÷ 0.25 = 400 நியூற்றன்

இது ஏறத்தாழ 40 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறையாகும். பிடியில் குழாயொன்றைச் செருகி நீளத்தை 50 சென்ரிமீற்றராக்கினால் 200 நியூற்றன் போதும். அனுபவமுள்ள சாரதிகள் ஆசனத்தின் கீழ் இரும்புக் குழாய்த் துண்டு வைத்திருப்பது இதற்காகவே.

இப்போது 400 நியூற்றன் விசையை, சில்லு அந்தரத்தில் இருக்கும்போது பிரயோகித்தால் என்ன நடக்கும்? ஒன்றில் சுரையுடன் சில்லும் சேர்ந்து சுழலும். அல்லது வான் ஜக்கின்மீது ஆடி வழுக்கி விழும். அவ்வேளை காலோ கையோ அடியில் இருந்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. சில்லு நிலத்தில் இருப்பின், டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு அது சுழலாது தடுக்கும். ஆகவே ஒவ்வொரு சுரையையும் அரைச் சுற்று மட்டும் இடஞ்சுழியாக இளக்கிவிட்டுப் பின்னரே ஜக்கை உயர்த்தவேண்டும். முற்றாகக் கழற்றுவது உயர்த்திய பிறகு.

கல் எதற்கு? பெரும்பாலான வான்களில் ஹாண்ட் பிரேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிக்கும். அவற்றுள் ஒன்றை உயர்த்தியதும் பிடிப்பது ஒன்றுதான்.

வீதியோர மண் மென்மையானதாயின் ஜக்கின் கீழ் பலகை வையுங்கள். ஜக் தாங்கும் விசை 5000 நியூற்றன், அதன் அடிப்பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர் எனின், மண்மீதான அமுக்கம் 500 000 பஸ்கால். 400 சதுர சென்ரிமீற்றர் பலகையொன்று இதனை 125 000 பஸ்காலாகக் குறைக்கும், ஜக் புதையாது. பலகையின் நிறையை இங்கு புறக்கணித்துள்ளோம். மேலதிகச் சில்லை வானின் அடியில் படுக்கவைப்பதும் நல்லது. ஜக் சரிந்தாலும் வான் அதன்மீதே அமரும். எவ்வாறாயினும் உடலை வானின் கீழ் நுழைக்கக்கூடாது.

மேலதிகச் சில்லைப் பூட்டும்போது சுரையின் கூம்பிய பக்கம் சில்லை நோக்கி இருக்கவேண்டும். எதிரெதிர்ச் சுரைகளை மாறிமாறி இலேசாக இறுக்கி, வானை இறக்கிய பின்பே முழுமையாக இறுக்குக. சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் பார்ப்பது வழக்கம்.

பயிற்சி: 40 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் முனையில், அதற்குச் செங்குத்தாக 300 நியூற்றன் விசை பிரயோகிக்கப்படுகிறது. மேற்கூறிய சுரை இளகுமா? காரணம் தருக.